கிடா முக்கினால் வாலுக்குக் கீழே மட்டும் பார்க்காதீர்கள்

நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் வெறும் ஆடாக வளர்ப்பதில்லை. திண்ணையில் பிள்ளைகளோடு படுக்கும். மிச்சச் சோறு, கோதுமைத் தவிடு, மக்காச்சோளம் எல்லாம் அதற்குத்தான். மூத்திரக் கல் வருவதும் பெரும்பாலும் இப்படிச் செல்லமாக வளர்கிற கிடாக்களுக்குத்தான்.

திண்டுக்கல் பக்கம் ஒரு வீட்டில், கிடா விடிந்ததிலிருந்து முதுகை வளைத்து முக்கியது. வாலை ஆட்டியது, பல்லை நறநறவென்று கடித்தது. "வயிறு கட்டிக்கிச்சு, விளக்கெண்ணெய் ஊத்து" என்றார் பெரியவர். (எண்ணெய் புகட்டும் வேகத்தில் புரையேறிச் செத்த ஆடுகளும் உண்டு.) மருமகள்தான் தடுத்தார். "மாமா, புழுக்கை நல்லாப் போட்டிருக்கு. ஆனா கட்டுன இடம் நனையவே இல்லையே."

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். கிடாவின் குறி நுனியில் புழு போல மெல்லிய நீட்சி ஒன்று இருக்கும். அதில் கடுகளவு கல் சிக்கியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு நுனியை நறுக்கியதும் மூத்திரம் பாய்ந்தது. எல்லாக் கிடாவுக்கும் இவ்வளவு லேசில் முடியாது. கல் மேலே அடைத்திருந்தால் அறுவைச் சிகிச்சைதான். அதன்பிறகும் திரும்ப அடைப்பதுண்டு.

பெட்டைக்கு மூத்திரக் குழாய் குட்டை, அகலம், மணல் வெளியேறிவிடும். கிடாவுக்கு நீளம், வளைவு. பால்குடி மறக்குமுன் காயடித்தால் குழாய் சரியாக விரியாது. சில மாதம் பொறுப்பது நல்லது.

சொட்டுச் சொட்டாகப் போவது, ரத்தம் கலந்திருப்பது, குறியைச் சுற்றிய முடியில் வெள்ளை மணல் ஒட்டியிருப்பது எல்லாம் முன்னறிவிப்பு. அடைத்த பிறகு வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் என்று மூத்திரம் பெருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது. வழியில்லாமல் பை வெடித்துவிடும். வெடித்ததும் முக்கல் நின்று ஆடு தெளிந்தது போலத் தெரியும். அதை நம்பி ஏமாந்த வீடுகள் பல. மூத்திரம் நின்ற அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. கல் சேர அதுவே முக்கியக் காரணம். ஆகவே தவிட்டைக் குறைத்து, அகத்தி, சூபாபுல் போன்ற தழையும் புல்லும் கூட்டுங்கள். தீவனத்தில் கொஞ்சம் உப்பு கலந்தால் தண்ணீர் கூடக் குடிக்கும். தொட்டியைத் தினமும் கழுவுங்கள். பாசி பிடித்த தண்ணீரை வெள்ளாடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.