வினாகிரியும் கிணற்று நீரும்

நிழற்படக் கலையைப் பற்றிப் பேசுவோர் ஒளியைப் பற்றிப் பேசுவர். இருட்டறையைப் பற்றியும் சிறிது பேசுவர். துலக்கலை நிறுத்துவது பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. துலக்கிக்கும் ஹைப்போவுக்கும் இடையில் அரை நிமிடம் மாத்திரம் வந்து போகும் அக்கரைசல் படம் எதனையும் தோற்றுவிப்பதில்லை. ஆயினும், தோன்றிய படம் மேலுங் கருகிப் போகாமல் நிற்பதற்கு அதுவே காவலாகும்.

அதன் செயல் எளிது. துலக்கி காரத்தன்மை உடையது. அக்காரத்தின் துணையாலேயே அது ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கரிய வெள்ளியாக மாற்றுகின்றது. மென்மையான அமிலத்துட் படச்சுருள் அமிழ்ந்தவுடன் அவ்வேலை நின்றுவிடுகிறது. நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு அசற்றிக்கமிலம் இதற்குப் போதுமானது. கடை வினாகிரியில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு அவ்வமிலம் இருத்தலால், ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு நீர் சேர்த்தால் கரைசல் ஆயிற்று. சமையலுக்குத் தென்னங்கள்ளு வினாகிரியே சிறந்தது என்பதில் ஐயமில்லை. இருட்டறைக்கோ நிறமும் மண்டியும் இல்லாத செயற்கை வினாகிரியே உகந்தது.

வற்றாப்பளையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இவற்றையெல்லாம் அறிந்திருந்தும், வீட்டிற் படச்சுருள் கழுவிய காலமெல்லாம் கிணற்று நீரையே பயன்படுத்தி வந்தார். மூன்று தரம் அலசினாற் போதும் என்பது அவர் முடிவு. அதனைப் பிழையென்று கூறுவதற்கில்லை. 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்த யூலியா மார்கிரட் கமரன் அம்மையார் கையாண்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டின் மீது நீரூற்றியே துலக்கலை நிறுத்துவர். ஆனால் நீர் துலக்கியைக் கழுவுமேயன்றி உடனே அடக்கிவிடாது. ஜெலற்றினுள் ஊறிய மிச்சம் சிறிது நேரம் தன் வேலையைத் தொடரும். அதன் காரம் ஹைப்போவையும் சென்று கெடுக்கும்.

அவருடைய நம்பிக்கையைச் சோதித்தது ஒரு பழைய சுருள். கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலில், 2006 ஆம் ஆண்டு, அவர் எடுத்தது அது. கடல் நீரில் விளக்கெரியும் அப்பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரண்டு வரும். கழுவுவதற்கு மருந்து வாங்கிவர எண்ணி வவுனியாவுக்குச் சுருளையும் கொண்டுபோன அவர், அதனைத் தங்கையார் வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2009 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த அல்பங்களும் பெருப்பிக்கும் கருவியும் அழிந்தன. அவ்வாண்டு மே மாதத்திலிருந்து மூத்த மகனைப் பற்றிய செய்தியும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 இல் முல்லைத்தீவிலும் போராட்டந் தொடங்கியபோது, அவர் மனைவியார் ஏந்திச் சென்றது அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படத்தின் பெருப்பித்த பிரதியே. அதில் மகனின் கண்கள் மங்கியிருந்தன.

லயனல் வென்ற் 1944 இல் மறைந்தபின் அவருடைய எதிர்ப்படங்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட படங்களே எஞ்சின. இவ்வீட்டில் நிகழ்ந்தது அதற்கு நேர்மாறானது. தங்கையாரின் அலுமாரியிலிருந்து அண்மையில் அச்சுருள் வெளிவந்தது.

அதனைக் கொண்டுவந்த மருமகன் பல்கலைக்கழக மாணவன். "மாமா, இந்த ஒரு சுருளுக்காவது வினாகிரி பாவிப்பம்" என்றான். ஆசிரியர் உடன்படவில்லை.

"பழைய ஜெலற்றின், தம்பி. புளியைக் கண்டு உரிஞ்சு போனால் பிறகு என்ன செய்யிறது?"

"தண்ணியிலை அலசுற நேரத்துக்கை அது இன்னும் கறுக்குமே, மாமா."

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. பழைய சுருளில் ஒளி படாத இடமும் துலக்கியில் மெல்லக் கருகும். அதனைக் குறித்த கணத்தில் நிறுத்துவது நன்று. வெப்பமும் மருமகனின் பக்கமே நின்றது. 20 பாகையில் எட்டு நிமிடம் வேண்டும் துலக்கல், 30 பாகையில் அதன் பாதிக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். எட்டு நிமிடத்தில் இருபது செக்கன் பிந்தினாற் பெருங்கேடில்லை; மூன்றரை நிமிடத்தில் அது பெரிய பிழை. மறுபுறம், காபனேற்றுக் கலந்த துலக்கிக்குப் பின் கடும் அமிலம் பட்டால் ஜெலற்றினுள் வாயுக் குமிழி எழுந்து துளை விழக்கூடும். வெப்பநாட்டுக்கெனக் குரோம் படிகாரமிட்ட நிறுத்தற் கரைசலை விதித்த பழைய கொடக் சூத்திரம் ஒன்றும் ஆசிரியரின் நினைவில் இருந்தது. ஆனால் குரோம் படிகாரம் நினைத்தவுடன் கைக்கெட்டும் பொருளன்று.

ஈற்றில் இருவரும் இணங்கினர். காபனேற்று இல்லாத, வெண்காரமிட்ட துலக்கி. வழமையினும் நீர் மிகுத்த வினாகிரி. துலக்கி, வினாகிரி, ஹைப்போ, அலசும் நீர் ஆகிய நான்கையும் பனிக்கட்டியிட்ட ஒரே தொட்டியில் வைத்து 24 பாகைக்குக் கொணர்தல். இந்த மூன்றாவதே தலையாயது. ஒரு கரைசல் குளிர்ந்தும் மற்றது சூடாகவும் இருப்பின் ஜெலற்றின் சுருங்கி, வெடித்த வயல்போற் கோடு விழும். அதற்கு வினாகிரியைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலிற் புதிய சுருள் ஒன்றைக் கழுவிப் பார்த்தனர். அதன் பின்னரே பழையது தொட்டிக்குள் இறங்கியது. வினாகிரி முப்பது செக்கன் நின்றது. ஜெலற்றின் உரியவில்லை.

முப்பத்தாறு படங்களிற் பதினொன்று தேறின. ஏனையவை சாம்பல் பூத்த வெறுந்தாளாயின. தேறியவற்றுள் ஒன்றில், பொங்கற் பானைகளின் புகைக்கு அப்பால், மகன் நண்பர் நால்வரோடு நின்றான். எதிர்ப்படத்தில் வெண்மை கருமையாய் மாறிக் கிடந்தமையால் தாயாருக்கு எவரையும் இனங்காண முடியவில்லை. மருமகன் அதனைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து நேராக்கிக் காட்டினான். மகனை மாத்திரம் வெட்டியெடுத்துப் பெருப்பித்துத் தரட்டுமா என்றும் வினவினான்.

"வெட்டாதை, தம்பி. பக்கத்திலை நிக்கிற பிள்ளையளும் இருக்கட்டும். அவையின்ரை தாய்மாரிட்டையும் படமில்லை."

ஐந்து பிரதிகள் அச்சிடப்பட்டன.