உப்பு, சர்க்கரை, ஒரு தாயின் பொறுமை

புயலோ வெள்ளமோ போரோ, எது வந்தாலும் சரி, ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஒரே கூரையின் கீழ் ஒண்டும்போது முதலில் கெடுவது தண்ணீர். முதலில் வாடுவது குழந்தை. பெரிய ஆபத்துக்குத் தப்பிய பிள்ளையை வயிற்றுப்போக்குக்குப் பறிகொடுக்கலாமா? அதைத் தடுக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது, சகோதரிகளே!

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, சைதாப்பேட்டையில் இருந்த நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். ஒரு வகுப்பறைக்கு ஆறு குடும்பங்கள். மூன்றாம் நாள் என் பேரனுக்குப் பேதி கண்டது. ஒன்றரை வயசுக் குழந்தை. மத்தியானத்துக்குள் எட்டுத் தடவை. கண் குழிவிழுந்துவிட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை. என் மகள் செய்வதறியாமல் நின்றாள்.

"தண்ணி குடுக்காதடி பொண்ணே, குடுக்கக் குடுக்கப் போய்க்கிட்டே இருக்கும்" என்றார் பக்கத்திலிருந்த ஒரு பாட்டி.

முகாமுக்கு வந்த நர்ஸம்மா சிரித்தபடி, "பாட்டிம்மா, போற தண்ணியத் திருப்பிக் குடுக்கலேன்னா குழந்தை தாங்காதுங்க" என்றாள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுசாகக் கரைத்து, ஸ்பூனை என் மகள் கையில் கொடுத்தாள். நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்ததும் பத்து நிமிஷம் நிறுத்தி, மறுபடி மெதுவாக. விளக்கு வைக்கும் நேரம் பிள்ளை மடியை நனைத்தான். ஈரப் புடவையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட தாயை நான் கண்டதில்லை!

இந்தத் தண்ணீரின் கதையைப் பிறகுதான் தேடிப் படித்தேன். 1971-ல் கிழக்கு வங்கத்திலிருந்து சுமார் ஒரு கோடி பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் எல்லையோரம் இருக்கும் பன்காவ் ஊரில் காலரா புகுந்தது. ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே டம்ளரில் புகட்டச் சொன்னார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த இடத்தில், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு! அவர் 2022-ல் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

சர்க்கரை எதற்கு என்கிறீர்களா? பேதியின்போதும் குடல் சர்க்கரையை உறிஞ்சும். அது தன்னோடு உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். வெறும் தண்ணீரால் இது ஆகாது.

பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் டீஸ்பூனால் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். சாப்பிடும் பிள்ளைக்குக் குழைந்த சாதமும் கொடுங்கள். டாக்டரிடம் கேட்டு துத்தநாக மாத்திரையும் 14 நாள் கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், ஓயாத வாந்தி, குடிக்க முடியாத சோர்வு என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வழியிலும் முடிந்தவரை புகட்டிக்கொண்டே போங்கள்.

முகாமில் நோய் பரவாமல் காப்பதும் பெரும்பாலும் பெண்கள் கைதான். எங்கள் வகுப்பறைப் பெண்கள் முறைபோட்டுத் தண்ணீர் காய்ச்சினோம். குடத்தை மூடிவைத்தோம். கையை உள்ளே விடாமல் நீண்ட காம்புக் கரண்டியால் மொண்டோம். கக்கூஸ் போய்வந்தாலும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். இன்னொன்று, இப்படி நெருக்கியடித்துத் தங்கும் இடத்தில் தட்டம்மை வேகமாகப் பரவும். பிள்ளைக்கு அந்தத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள்.

மழைக்காலம் வருமுன் மெழுகுவத்தி, தீப்பெட்டி வாங்கிவைக்கிறோம் அல்லவா? அந்தப் பையில் நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலமும், ஒரு டீஸ்பூனும், தடுப்பூசி அட்டையும் இருக்கட்டும்.