மணம் காட்டும் வழி

அரிதாக நிகழ்வதை "அத்தி பூத்தாற்போல" என்கிறோம். உண்மையில் அத்தி ஆண்டுக்குப் பலமுறை பூக்கிறது. தன் பூக்களை வெளியே விரிக்காமல் காய்க்குள்ளேயே மறைத்து வைத்திருப்பதால் நாம் அவற்றைக் காண்பதில்லை. காயின் நுனியில் உள்ள நுண்ணிய வாயில் வழியே நுழைந்து அப்பூக்களில் மகரந்தம் சேர்ப்பது, அத்திக்கெனவே அமைந்த ஒரு சிறு குளவி.

அதன் நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். வாழ்நாளோ ஓரிரு நாள். அதற்குள் வேறோர் அத்தி மரத்தை அது எவ்வாறு கண்டடைகிறது? உள்ளே பூக்கள் பக்குவமடைந்ததும் காய் தனக்கே உரிய மணத்தைக் காற்றில் விடுகிறது. குளவி தன் உணர்கொம்புகளால் அதை முகர்ந்து, ஆல், அரசு முதலியவற்றின் மணத்தினின்று பிரித்தறிகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ரெனீ போர்ஜஸும் அவர்தம் மாணவரும் அத்தியின் இம்மணங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். சக்கேயு ஏறிய காட்டு அத்தியின் இனத்துக்குரிய குளவிகள், நமீபியப் பாலைவனத்தில் 100 கிலோமீட்டருக்கும் மேல் காற்றோடு சென்று மரம் சேர்வதை 2009இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று.

வந்து சேர்ந்த குளவிக்கு வாயில் மிகக் குறுகியது. நுழைகையில் சிறகுகள் முறிகின்றன, உணர்கொம்பும் ஒடிவதுண்டு. சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சிலவற்றில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. "அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு" என்று நாம் முகம் சுளிக்கிறோம். அப்புழுவின் தாய் வந்திராவிட்டால் அப்பழமே இல்லை.

எங்கள் மரக்காணத்து உப்பளங்களில், கண் கூசும் வெண்மைக்கு நடுவே உப்பு வாரும் பெண்களைக் காணும்போதெல்லாம் இக்குளவி என் நினைவுக்கு வரும். பாதம் வெடிக்க அவர்கள் வாரிய உப்பு எத்தனையோ வீட்டுச் சோற்றில் கரைந்து காணாமற் போகிறது. உண்பவர் அவர்களை நினைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் மூழ்கும், வேலை நிற்கும். உலகிற்கு உப்பாக இருக்க வேண்டும் என்னும் மறையுரையை ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். உப்பு விளைவிப்போரின் மழைக்காலப் பசியை நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்தோம்?

அத்தி மரத்தின்கீழ் இருந்த நத்தனியேலை, எவரும் அழைத்து வருமுன்னரே ஆண்டவர் கண்டார். மறைந்த உழைப்பையும் அவர் காண்கிறார். கண்ணுக்குப் புலப்படாத அழைப்பை உணர்ந்து செல்லும் புலன் ஒரு சிறு குளவிக்கு உண்டு. அயலாரின் சொல்லாத தேவையை உணரும் புலன் நம்மிடம் மழுங்கிப் போகலாமா?