வ - குவாட்டர் கட்டிங்கும் ஒரு குத்தாலத்து ராத்திரியும்

மக்களே, கொஞ்ச நேரம் கொசுவத்தி சுத்தப் போறேன். மொக்கைன்னு தோணினா நடுவுல எந்திரிச்சுப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :)

போன சீசன்ல ஒரு நாள். வெளியே சாரல். மாப்ள வீட்டுத் திண்ணையில உக்காந்து அவன் போன்ல படம் தேடிக்கிட்டிருந்தோம். (மாப்ளன்னா சொந்தம் இல்லை. ஆறாம் கிளாஸ்ல இருந்து சேக்காளி. பேரு வேண்டாம், பொண்டாட்டி படிப்பா.) தேடுன இடத்துல 'வ' படம் வந்து நின்னுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். "போடுலே"ன்னான்.

பாக்காதவங்களுக்கு: 2010 தீபாவளிக்கு வந்த படம். 'ஓரம் போ' எடுத்த புஷ்கர் - காயத்ரி எடுத்தது. பின்னாடி 2017ல 'விக்ரம் வேதா'ன்னு வந்து ஊரையே அசத்தினாங்களே, அதே ஜோடிதான். இந்தப் படம் ஓடல. ஆனா தலைப்பு மட்டும் எனக்கு இன்னிக்கும் பிடிக்கும். பழைய தமிழ்க் கணக்குல கால் பங்குக்கு எழுதுற குறி 'வ'. கால்னா குவாட்டர். தமிழ்ல பேரு வச்சா வரிவிலக்குன்னு இருந்த காலத்துல, சரக்குக்கே செந்தமிழ்ல பேரு கண்டுபிடிச்ச மூளைக்கு ஒரு சலாம்.

கதைன்னு பாத்தா ஒரே வரிதான். கோயமுத்தூர்ல இருந்து சென்னைக்கு வர்ற சிவா, சவுதிக்கு விமானம் ஏறணும். அங்க சரக்கு கிடைக்காது. அதனால போறதுக்கு முந்தி ஒரே ஒரு குவாட்டர். ஆனா தேர்தலுக்காக டாஸ்மாக் எல்லாம் சாத்தியாச்சு. மச்சானா ஆகப்போற எஸ்.பி.பி.சரணையும் இழுத்துக்கிட்டு ராத்திரி பூரா மெட்ராசைச் சுத்துறான்.

இதே மாதிரி இங்கிலீஷ்ல ஒண்ணு உண்டு. 2004ல வந்த 'ஹெரால்ட் அண்ட் குமார்'. ரெண்டு பேர் கஞ்சா அடிச்சுட்டு, பசி தாங்காம, ஒரு குறிப்பிட்ட கடை பர்கர்தான் வேணும்னு ராத்திரி முழுக்க கார்ல அலைவானுங்க. படம் நெடுக பச்சை பச்சையா பேச்சு. வீட்ல ஹாலில் வச்சுப் பாக்க முடியாது. ஆனா அடியில ஒண்ணு ஓடும். ஹெரால்டுக்கு ஆபீஸ்ல மத்தவன் வேலையும் தன் தலையில விழுது, எதிர்த்துப் பேசத் தெரியலை. குமாருக்கு அப்பா ஆசைப்படி டாக்டராகப் பிடிக்கலை, அதைச் சொல்லவும் தெரியலை. ரெண்டு பேருக்கும் பயம். பயத்தைப் பேசத் தெரியாததால கெட்ட வார்த்தை பேசுறானுங்க.

நம்ம சினிமாவுல இப்படி ரெண்டு பேரைச் சமமா வண்டியில ஏத்துறது அபூர்வம். ஹீரோ ஒருத்தன், அவன்கிட்ட அடி வாங்க காமெடியன் ஒருத்தன், இதான் வழக்கம். 'அன்பே சிவம்' (2003) விதிவிலக்கு. ஆனா அதுல ரெண்டு பேரும் முன்னப்பின்ன தெரியாதவங்க. 'வ'ல சிவாவும் சரணும் கிட்டத்தட்ட சமம். அதனாலயே எங்களுக்கு அது ஒட்டிக்கிச்சு.

2010 தீபாவளிக்குத் தென்காசியில பாத்தோம். தியேட்டர்ல பாதி சேர் காலி. மாப்ள மட்டும் விழுந்து விழுந்து சிரிச்சான். எட்டு மாசம் கழிச்சு, 2011 ஜூலையில, அவனுக்கே சவுதி விசா வந்துச்சு. தம்மாம். "லே, எனக்குன்னே எடுத்திருக்கானுவலே அந்தப் படத்தை"ன்னான். சரி, நாமளும் அதே மாதிரி ஒரு ராத்திரி சுத்துவோம்னு முடிவு பண்ணோம். சரக்கு மட்டும் கிடையாது, வண்டி ஓட்டணுமே. நம்புங்க, அன்னிக்கு ரெண்டு பேரும் தொடல. எங்க லட்சியம் பார்டர் புரோட்டா!

ராத்திரி பத்து மணிக்குத் தென்காசி கோயில் வாசல்ல இருந்து கிளம்பினோம். சீசன் நேரத்துல அந்தக் கோபுர வாசல்ல நின்னு பாத்திருக்கீங்களா? காத்து ஆளையே தள்ளும். அங்கேயே ஆரம்பிச்சது பேச்சு. எங்க ஸ்கூல் வாத்தியார்ல இருந்து அவன் தெருவுக்காரன் முதலிரவு வரைக்கும் எதையும் விடல. மெயின் அருவியில நடுராத்திரியும் கூட்டம். எண்ணெய் தேய்ச்ச உடம்புகளுக்கு நடுவுல இடிபட்டுக் குளிச்சோம். அப்புறம் ஐந்தருவி. துண்டைத் தலையில போட்டுக்கிட்டு நடுங்கிட்டே கட்டைச் சுவர்ல உக்காந்திருந்தோம். அப்பதான் கேட்டான்.

"லே, நான் போகலன்னா என்னலே ஆகும்?"

நான் என்ன சொல்லியிருக்கணும்? "ஏம்லே, என்னாச்சு?"ன்னு கேட்டிருக்கணும். நான் ஒட்டகத்தை வச்சு ஒரு ஜோக் அடிச்சேன். இங்க எழுத முடியாத ஜோக். அவன் சிரிச்சான். ரொம்ப நேரம் சிரிச்சான். பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் முறைச்சுட்டு எந்திரிச்சுப் போனார். அவ்வளவுதான், எந்திரிச்சு செங்கோட்டைப் பக்கம் வண்டிய விட்டோம். பிரானூர்ல அந்நேரத்துக்கும் கல்லுல புரோட்டா வெந்துகிட்டிருந்தது. வாழையிலையில பிச்சுப் போட்டு சால்னா ஊத்தி, மிளகுக் கோழியோட... ஆளுக்கு எட்டு. அவன் எண்ணிக்கிட்டே இருந்தான்.

மறுநாள் கார்ல திருவனந்தபுரம் போனோம். செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் ரயிலை முந்தின வருஷமே நிறுத்தியிருந்தாங்க. அகலப்பாதை போட்டு அந்த லைன் முழுசாத் திறந்தது 2018லதான். புளியரை, ஆரியங்காவு, தென்மலைன்னு ரோடு வளைய வளைய அவன் ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தான். அவன் அம்மாவும் தங்கச்சியும் கூட இருந்ததால எங்களுக்குப் பேச ஒண்ணுமில்லாம போச்சு. யோசிச்சுப் பாருங்க, கெட்ட வார்த்தை பேச முடியாத இடத்துல எங்ககிட்ட பேச்சே இல்லை! ஏர்போர்ட் வாசல்ல கையைக் குலுக்கிட்டு "வரட்டா"ன்னான். "சரிலே"ன்னேன்.

பன்னிரண்டு வருஷம் போச்சு. நடுவுல திருநெல்வேலி மாவட்டமா இருந்த ஊரு 2019ல தென்காசி மாவட்டமே ஆயிடுச்சு. அவன் 2023ல மொத்தமா திரும்பி வந்தப்ப தலையில பாதி முடி இல்லை, கூடவே சுகர்.

இப்ப திண்ணைக்கு வருவோம். படம் ஓடுது. அன்னிக்கு அவன் விழுந்து சிரிச்ச இடங்கள்ல இப்ப லேசா மூச்சு மட்டும் விட்டான். எனக்கும் பல ஜோக் பழசாத் தெரிஞ்சது. அதுல ஒரு மனுசன் மறுநாள் ஊரை விட்டுப் போறான்ங்கறதே பெரிய சங்கதி. அதைப் பத்தி நின்னு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்னு தோணிச்சு. உடனே அடுத்த சேட்டைக்கு ஓடிடுறாங்க. டைரக்டர்களைக் குறை சொல்லிட்டு இருக்கும்போதே எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. நானும் அதைத்தானே செஞ்சேன்.

மெதுவா கேட்டேன். "மாப்ள, ஐந்தருவியில ஒண்ணு கேட்ட, ஞாபகம் இருக்கா?"

படத்தை நிறுத்தினான்.

"இருக்குலே. அன்னிக்கு நீ என்னன்னு கேட்டிருந்தா அழுதிருப்பேன். அழுதிருந்தா போயிருக்க மாட்டேன். போகலன்னா தங்கச்சி கல்யாணம் நடந்திருக்காது. நீ ஜோக் அடிச்சது நல்லதுக்குத்தான்."

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தான்.

"ஆனாலும் நீ கேட்டிருக்கலாம்லே."

கட்டிங்னா என்னன்னு தெரியும்ல? கையில குவாட்டருக்குக் காசு இல்லாதவன் கடை வாசல்ல இன்னொருத்தனைத் தேடிப் பிடிச்சு ஆளுக்குப் பாதி போட்டுக்கிறது. முகம் தெரியாதவன்கிட்டக் கூட "பாஸ், கட்டிங் போடலாமா?"ன்னு கூசாம கேக்குறோம். ஆறாம் கிளாஸ்ல இருந்து கூட இருக்கிறவன் பயத்துல பாதி வாங்கிக்க எனக்கு வாய் வரல.

அன்னிக்கு ராத்திரி திரும்பவும் பிரானூர் போனோம். சுகருக்குப் புரோட்டா ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். மாப்ள ரெண்டோட நிறுத்திக்கிட்டான். நான் வழக்கம்போல அவன் சுகரை வச்சு ஒரு கெட்ட ஜோக் சொல்ல வாயெடுத்தேன். முழுங்கிட்டு, "மாத்திரை ஒழுங்காப் போடுதியாலே?"ன்னு கேட்டேன்.

"என்னலே, உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?"ன்னான் :)

டிஸ்கி: இது பட விமர்சனம் இல்லை. படம் பாக்கணும்னா பாருங்க. புரோட்டா கண்டிப்பா சாப்பிடுங்க.