பிளக் இல்லாத மின்சார மெஷின்!

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் ஹார்லெம். அங்கே ஸ்பார்னே ஆற்றங்கரையில் இருக்கிறது டெய்லர்ஸ் மியூசியம். 1784-ல் திறந்தது, நெதர்லாந்திலேயே பழசு. அக்கா வீட்டுக்கு லீவுக்குப் போன நான், ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஃபாசில்களை அவசரமாகத் தாண்டி வந்தவள், ஒரு ராட்சத மெஷின் முன்னால் நின்றுவிட்டாள். இரண்டு கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றும் 1.65 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட என் உயரம்!

"சித்தி, இதுக்கு பிளக் எங்கே?"

பிளக் கிடையாது, கைப்பிடிதான். ஆட்கள் நின்று சுற்ற வேண்டும். விஞ்ஞானி மார்ட்டினஸ் வான் மாருமுக்காக ஜான் கத்பர்ட்சன் என்பவர் 1784-ல் செய்து கொடுத்தது. அப்போது பேட்டரியே இல்லை. வோல்டா அதைக் கொண்டுவந்தது 1800-ல். மின்சாரம் வேண்டுமென்றால் சுற்றித்தான் ஆக வேண்டும்.

தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே சங்கதிதான். சுழலும் கண்ணாடி, மெத்தை மாதிரியான பட்டைகளில் உரசும். உண்டாகும் மின்னூட்டம் உலோகக் குழாயில் சேர்ந்துகொண்டே போகும். காற்றால் தடுக்க முடியாத கட்டத்தில், படீர்! இரண்டு அடி நீளத்துக்குப் பொறி பறக்குமாம். ஊர் மக்களுக்கும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

"இப்போ சுத்திக் காட்டுவாங்களா?"

மாட்டார்கள். அவள் முகம் வாடியதும் எனக்கு எங்கள் ஸ்கூல் லேப் ஞாபகம் வந்தது. அங்கே இருந்தது விம்ஷர்ஸ்ட் மெஷின், 1880-களின் கண்டுபிடிப்பு. எதிரெதிராகச் சுழலும் இரண்டு தட்டுகள், அவற்றில் ஒட்டிய உலோகப் பட்டைகள். இதில் உரசல் முக்கியமில்லை. ஒரு பட்டையில் துளி மின்னூட்டம் இருந்தால் போதும். எதிரே உள்ள பட்டையில் எதிர் மின்னூட்டத்தைத் தூண்டும், அது இன்னொன்றை. சுற்றச் சுற்றப் பெருகி, இரண்டு லைடன் ஜாடிகளில் சேரும். (அந்த லைடன் நகரமும் ஹார்லெமுக்குப் பக்கம்தான்.) பிறகு இரண்டு உருண்டைகளுக்கு நடுவே பொறி.

ஆனால், நாங்கள் பொறியைப் பார்க்கவே இல்லை. நவம்பர் மழையில் மிஸ் கை வலிக்கச் சுற்றினார். ஒன்றும் வரவில்லை. "ஈரம்ப்பா" என்றார். கிளாஸே சிரித்தது, நானும்தான். ரெக்கார்டு நோட்டில் மட்டும் 'பொறி தோன்றியது' என்று கூசாமல் எழுதினேன்.

மிஸ் சொன்னது சரி. தட்டில் ஈரம் படிந்தால், மின்னூட்டம் சேருவதற்குள் கசிந்துவிடும்.

அன்று ராத்திரி மிஸ்ஸுக்கு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ரெக்கார்டு விஷயத்தையும் சொன்னேன். பதில் வந்தது: "எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தீங்க. ஏப்ரல்ல வெயில் ஏறினதும் வா. பாப்பாவையும் கூட்டிட்டு வா."