பழைய கம்ப்யூட்டரைக் கரையேற்றிய கதை

கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் 'ஒர்தினத்தேர்' என்று பெயர். 1955-ல் ஐ.பி.எம். நிறுவனம் கேட்டுக்கொண்டதற்காக, சொர்போனில் லத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெரே எடுத்துக்கொடுத்த சொல் அது. உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்க அகராதியில் கிடந்த பழைய சொல். எங்கள் வீட்டில் 2010-ல் குடியேறிய அந்தக் கடவுள் போன ஆவணியில் படுத்துவிட்டார்.

விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் நின்றது. அப்புறம் நீலத்திரை. தானே ரிப்பேர் பார்ப்பதாகச் சொல்லும், மறுபடி நீலத்திரை. கடைக்காரர், "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார், உள்ளே இருக்கிறது போயிடும். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசு வாங்கிடுங்க" என்றார்.

உள்ளே இருந்தது என்ன தெரியுமா? எங்கள் தெருக்கோடி அம்மாவின் காகிதங்கள். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று காலாகாலத்தில் பிரான்சுக்குச் சான்று போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அவருடைய பென்ஷன் பத்திரத்தின் அசல் 2011 டிசம்பரில் தானே புயலில் நனைந்து கூழாகிவிட்டது. அதற்கு முன்பு நான் ஸ்கேன் செய்து வைத்த படம்தான் மிச்சம். அந்த மாதக் கடைசிக்குள் சான்று போயாக வேண்டும்.

என் அக்கா பேரன் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தான். "தாத்தா, விழுந்தது விண்டோஸ்தான், டிஸ்க் இல்ல. வாசக்கதவு திறக்கலைன்னா வீட்ல இருக்கிற சாமானா காணாம போயிடும்? கொல்லைப்பக்கமா போவோம்" என்றான்.

தன் லேப்டாப்பிலிருந்து ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றினான். இலவசமாகக் கிடைப்பது. எங்கள் கம்ப்யூட்டரை அணைத்து, பென் டிரைவைச் செருகி, பவர் போட்டதும் எஃப்12 பட்டனைத் தட்டினான். எதிலிருந்து கிளம்பட்டும் என்று மெஷின் கேட்டது. பென் டிரைவைக் காட்டினான். டிஸ்க்கில் எதையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே ஒரு புதுத் திரை எழுந்து வந்தது. அதில் பழைய டிஸ்க் ஒரு கோப்புறையாகத் தெரிந்தது. திறந்தால் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி! வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

படங்கள் சரி. நான் பாமினி எழுத்தில் அடித்து வைத்த தமிழ்க் கட்டுரைகள் மட்டும் வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தன. பயந்துவிட்டேன். "எழுத்துரு இல்லாததால அப்படித் தெரியுது தாத்தா" என்று, பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்துப் போட்டான். தமிழ் திரும்பி வந்தது.

மறுவாரம் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, அதில் மின்ட்டையே நிரந்தரமாகப் போட்டுக் கொடுத்தான். இப்போது தமிழ்99, பிரெஞ்சு என்று இரண்டு விசைப்பலகையும் ஒரே சொடுக்கில் மாறுகின்றன. பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

என் வயது நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டாதீர்கள். முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். புது லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க்கே பூட்டப்பட்டிருக்கிறது. கொல்லைப்பக்கம் போனாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது. அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி பாஸ்புக்கோடு வையுங்கள். நான் மாதாமாதம் பென்ஷன் வரும் நாளில் நகல் எடுக்கிறேன்.

தெருக்கோடி அம்மாவின் சான்று 26-ம் தேதி தபாலில் சேர்ந்தது. பென்ஷன் நிற்கவில்லை. "உங்க பொட்டி பொழச்சிதா முசியே?" என்று கேட்டார். பிழைத்தது என்றேன். "நானும்தான்" என்று சிரித்தார்.