வலியினின்று சற்று விலகி

தீ சுடுவது ஒரு கணம். அப்புண்ணுக்குக் கட்டு மாற்றுவதோ பல வாரங்கள். ஒட்டிய துணியைப் பிரிக்கும்போதும், இறந்த தோலை அகற்றும்போதும் எழும் வேதனையை வீரியமிக்க மருந்துகளும் முற்றிலும் அடக்குவதில்லை.

இந்த வேதனையைத் தணிக்க அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு புதுவழி கண்டார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர்கள் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் நோயாளியின் கண்களை மூடும் கருவியொன்றை அணிவித்து, கணினி படைத்த மெய்நிகர் உலகிற்குள் அவரை அனுப்பினர். தீப்புண்பட்ட இரு இளைஞரிடம் செய்த சோதனையை அவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சாதாரண விடியோ விளையாட்டைக் காட்டிலும் இதுவே வலியை மிகுதியாகக் குறைத்தது. பின்னர் தீக்காயத்தினருக்கென்றே பனியுலகம் ஒன்றை உருவாக்கினர். செவிலியர் புண்ணைக் கழுவும்போது, நோயாளி பனிப்பள்ளத்தாக்கில் மிதந்தபடி பனிமனிதர்மீது பனியுருண்டைகளை எறிந்துகொண்டிருப்பார்.

இது வெறும் வேடிக்கையன்று. வலியுணர்வுக்குத் தண்டுவடத்தில் ஒரு வாயில் உண்டென்றும், மூளையிலிருந்து வரும் செய்தியும் அதை அடைக்கக்கூடுமென்றும் மெல்சாக், வால் என்னும் அறிஞர்கள் 1965இல் எடுத்துரைத்தனர். மனிதக் கவனம் அளவுள்ளது. வலி அதன் பெரும்பங்கைக் கேட்கிறது. கவனம் வேறிடத்தில் ஈடுபட்டால் வலிக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. மெய்நிகர் காட்சியில் ஆழ்ந்தோரின் மூளையில் வலி சார்ந்த பகுதிகளின் இயக்கம் தணிவதை 2004இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆயினும் இது மருந்துக்கு மாற்றன்று, துணையே. சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருவதுண்டு.

எங்கள் பெரியபாளையத்தில் இக்கருவியை நான் கண்டதில்லை. ஆனால் அதன் தத்துவத்தைக் கண்டிருக்கிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆலையில் கை வெந்துபோன அண்டைவீட்டு இளைஞனைக் கட்டு மாற்ற அழைத்துச் சென்றபோது, மூத்த செவிலியர் ஒருவர், ஊசி போட்டுச் சற்றுநேரம் கழித்து, "தம்பி, ஆத்துல தண்ணி வந்தா எங்கே மீன் புடிப்பீங்க?" என்று கேட்டார். அவன் ஆரணி ஆற்றுப் பாலத்தடியையும் கெண்டைகளையும் விவரிக்கத் தொடங்கினான். முனகி நிறுத்தும்போதெல்லாம், "அப்புறம்?" என்பார் அவர். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டே அவன் அந்த அரைமணி நேரத்தைக் கடந்தான்.

வெளியே காத்திருந்தவர்களோ பலர். அத்தனை பேருக்கும் 'அப்புறம்' சொல்ல ஒருவரால் இயலுமா? கைகள் குறைந்த இடத்தில்தான் இத்தகைய கருவி பெருந்துணையாகும் என எண்ணுகிறேன். நோயாளியின் கவனத்தை அது பார்த்துக்கொண்டால், செவிலியர் தம் கவனமனைத்தையும் புண்ணுக்குத் தரலாம்.

"ஆம்பிளைப் பிள்ளை அழலாமா? பொறுத்துக்கொள்" என்பது நம் வழக்கம். துன்பத்தைத் தாங்குவது புண்ணியம் என்று படித்த நாமும் அதைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 1957இல் மயக்கமருந்து மருத்துவர்களின் வினாக்களுக்கு விடையளித்த பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், வலி தணிக்கும் மருந்தை ஏற்பது தகுமென்று தெளிவுபடுத்தினார். துன்பத்தை ஒருவர் தாமே விரும்பி ஏற்கலாம். பிறர்மீது அதைச் சுமத்த நமக்கு உரிமையில்லை. படுக்கையருகே நிற்கும் நம் கடமை, 'பொறுத்துக்கொள்' என்பதன்று; பொறுக்க வேண்டிய அளவைக் குறைப்பதே. அது பனியுலகால் ஆனாலும் சரி, ஆற்று மீன் கதையால் ஆனாலும் சரி.